பத்துக்குப் பன்னிரண்டு

சென்ற ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெமிலி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வந்தார். ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பு ஒன்றில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர். கையிலே ஒரு வழவழப்பான புத்தகம். சட்டைப் பையிலே ஒரு சாக்குக்கட்டி.

"அண்ணா, உங்க வாசல்லே கொஞ்சம் கோடு போட்டுக்கலாமா? எங்க வாசல்லே இடம் பத்தாது" என்றார்.

"தாராளமாகப் போடு தம்பி. என்ன கோடு?" என்றேன்.

அவருடைய மகனுக்கு வெளியூரில் ஒரு சிறிய கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் கல்லூரி அனுப்பிய புத்தகம்தான் அது. மாணவர் விடுதி அறையின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்றும், ஓர் அறைக்கு மூவர் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். மகன் எவ்வளவு இடத்தில் வாழப் போகிறான் என்பதைத் தகப்பனார் கண்ணால் பார்க்க விரும்பினார். அடி அடியாக எட்டி வைத்து அளந்து வாசலில் ஒரு நீள் சதுரம் போட்டார். அதற்குள்ளே ஆறடிக்கு மூன்றடியாக மூன்று கட்டில்களைப் போட்டார். நானும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டுக் கணக்கில் இறங்கினேன். மொத்தம் 120 சதுர அடி. கட்டில்களுக்கு 54 போக மீதி 66. மூன்றால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 22 சதுர அடி. அதிலேதான் பெட்டி, மேஜை, நாற்காலி, நனைந்த துண்டு, பரீட்சைப் பயம் எல்லாம் அடங்க வேண்டும்.

"நம்ம வீட்டிலே இதுகூட இல்லீங்களே" என்று அவர் திருப்தியோடு தலையை ஆட்டினார்.

பிறகு விதிகளைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். இரவு எட்டு மணிக்கு வாயிற்கதவு சாத்தப்படும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மின்சார அடுப்பு கூடாது. விருந்தினர் இரவு தங்கக் கூடாது. அறை வாடகை பருவத்துக்கு ஒரு முறை. சாப்பாட்டுப் பணம் முன்கூட்டியே. உடைத்தால் பிடித்துக்கொள்ள முன்பணம் தனி. எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் சற்றுத் தயங்கிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதெல்லாம் சரி அண்ணா. சாப்பாட்டுக் கூடத்தைப் பத்தி ஒண்ணும் போடலியே. எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணாத்தானே உட்காந்து சாப்பிடும்?"

"இதென்ன கேள்வி தம்பி? இந்தக் காலத்தில் யார் தனித்தனியாகப் பந்தி போடுகிறார்கள்?" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவரும் சமாதானமாகிப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுவதும் சமாதானம் ஏற்படவில்லை. புத்தகத்தில் இருந்த விதிகளை எல்லாம் நான் படித்தேன்; அதில் இல்லாத விதியை அல்லவா அவர் படித்துவிட்டார்! தமிழ் நாட்டில் மாணவர் விடுதிகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அறையின் நீள அகலத்துக்காக யாரும் சண்டை போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சண்டைகள் எல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நடந்திருக்கின்றன.

அந்தச் சரித்திரம் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே தொடங்குகிறது. நெமிலிக்குத் தென்கிழக்கே, காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போனால், பாலாறும் வேகவதியும் செய்யாறும் ஒன்று கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்ற தலம் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று மிக நீளமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலைச் சேர்ந்த மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் சொல்லிக் கொடுக்கும் பாடசாலை ஒன்று, மாணவர் தங்கும் விடுதி ஒன்று, வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி ஒன்று ஆகிய மூன்றும் இருந்தன என்று அது சொல்லுகிறது. மாணவர்களுக்குச் சாப்பாடு உண்டு. சனிக்கிழமை தோறும் தலைக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெய் உண்டு. இரவில் விளக்கு எரிக்கவும் எண்ணெய் உண்டு. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஏதோ ஓர் அதிகாரி உட்கார்ந்து, இந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தாயைப் பிரிந்து வந்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லாவிட்டாலும் எண்ணெயாவது இருக்கட்டும் என்று நினைத்த அந்த அதிகாரியை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

இதற்கு ஒரு தலைமுறை முந்தியது விழுப்புரம் பக்கத்தில் உள்ள எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு. முதலாம் ராஜேந்திரன் காலத்தது. அங்கே 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். மாணவர்களில் 270 பேர் இளையவர்கள். வேதமும் ஆரம்ப இலக்கணமும் படிக்கிறவர்கள். 70 பேர் மூத்தவர்கள். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய பெரிய படிப்புக்குப் போனவர்கள். இளையவனுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். மூத்தவனுக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. நெல்லைக் குற்றினால் பாதிக்கும் குறைவாகத்தான் அரிசி தேறும் என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று தெரிகிறது. இந்தச் செலவுக்கென்று நிலத்தையே ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். மாணவன் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

இத்தனை நுட்பமான கணக்கில் ஒரு விஷயம் மட்டும் இல்லை. யார் யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாம் அவசரப்பட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. வேத பாடசாலையில் இடம் பெற்றவர்கள் அனைவரும் ஒரே வருணத்தார். வேறு யாரும் வாசற்படி ஏறவே இல்லை; ஆகையால் பந்தியைப் பற்றி விதி எழுத வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. பலர் உள்ளே வந்த பிறகுதான் விதி பிறக்கிறது.

அப்படிப் பலர் வரத் தொடங்கும் வரையில் மாணவனுக்கு விடுதி என்று தனியாக ஒன்று கிடையாது. தூர ஊருக்குப் படிக்கப் போகிற பிள்ளை உறவினர் வீட்டில் தங்குவான். இல்லாவிட்டால் சத்திரத்தில் படுப்பான். வாரச் சாப்பாடு என்று ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று ஏழு வீட்டுக்காரர்கள் ஒரு ஏழைப் பிள்ளையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தர்மம்தான். ஆனால் அதுவும் சாதிக்குள்ளே சுற்றி வந்த தர்மம். அந்தப் பிள்ளைக்கு ஏழு வீட்டு வாசலிலும் காத்திருந்த அனுபவம் காலேஜுப் படிப்பைவிட ஆழமாக மனத்தில் பதிந்திருக்கும்.

குருவும் சீடனும் உயிருக்கு உயிராக இருந்தபோதுகூட இந்தக் கோடு அழியவில்லை. 1871-ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார் இளைஞரான உ. வே. சாமிநாதையர். தமிழுலகத்துக்கு அந்தச் சேர்க்கையால் கிடைத்த லாபம் கொஞ்சமல்ல. ஆனால் ஆசிரியர் வேளாளர், மாணவர் பிராமணர். பெற்ற பிள்ளையைப் போல் அன்பு வைத்திருந்த ஆசிரியர், மாணவனுடைய சாப்பாட்டுக்கு வேறு இடத்தில்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பாடம் ஓரிடம், சாப்பாடு ஓரிடம். இதில் இருவருக்கும் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. வெயிலையும் மழையையும் போல அதை ஓர் இயற்கை நியமமாகவே அந்தக் காலத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நியமத்தை முதலில் கேள்வி கேட்டவர்கள் மிஷனரிமார்கள். அவர்களுக்கும் அது எளிதாக இல்லை. கிறிஸ்தவத்துக்கு வந்த பிறகும் கோயிலில் தனி இடம், விருந்தில் தனி இலை என்று கேட்டவர்கள் பலர். 1850-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மிஷனரிகள் மகாநாடு இதைப் பற்றிக் கண்டிப்பான குறிப்பு ஒன்றை எழுதி வைத்தது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எந்தச் சாதிக் கிறிஸ்தவனோடும் சேர்ந்து உண்ணத் தயாராக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, ஒருவன் மனசாட்சியைச் சோதிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடமும் சாப்பாட்டு இலைதான்! 1853-இல் எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய ஆர்க்காடு மிஷனும் இந்தப் பாதையில் வந்ததுதான்.

அந்த மிஷனின் பள்ளிக்கூடம் 1898-இல் வேலூரில் கல்லூரியாக வளர்ந்தது. பிற்காலத்தில் ஊரீஸ் கல்லூரி என்று பெயர் பெற்றது. திருத்தணியிலிருந்து வந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1900 முதல் 1904 வரையில் வேலூரில் படித்துவிட்டுத்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வியாபாரத்தில் பொருள் ஈட்டிய முஸ்லிம் பெருமக்களின் கொடையால் எழுந்த கல்லூரி அது. தோலைத் தொடுவது தீட்டு என்று நம்பிய ஒரு நாட்டில், தோலிலிருந்து வந்த பணம் கல்விச்சாலையாக மாறியது என்பதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால் அந்தத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஊறவைத்து, மயிர் நீக்கி, உலர்த்திக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் கல்லூரி வாசலை அடைய இன்னும் வெகு காலம் ஆயிற்று.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கதை இன்னும் உருக்கமானது. 1911-இல் சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை ஆர். எஸ். சுப்பலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணானவர். தம்மைப் போன்ற சிறுமிகளைத் தம் வீட்டிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு படிக்க வைத்தார். எண்ணிக்கை பெருகியதும் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் என்ற பழைய கட்டிடம் அவர்களுக்கு விடுதியாயிற்று. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டிடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர். அங்கே சமையல், மடி, ஆசாரம் எல்லாம் பிராமண வீட்டு வழக்கப்படியே நடந்தன. அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தலையை மழித்து மூலையில் உட்கார வைத்திருந்த பெண்ணை வெளியே அனுப்பப் பெற்றோர் சம்மதிக்க வேண்டுமானால், "உங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் போலவே இங்கேயும்" என்று உறுதி சொல்லியாக வேண்டும். சமையலறையில் பழமையை விட்டுக் கொடுக்காமல் இருந்து, அந்த விலையில் படிப்பறைக்குள் புதுமையை வாங்கி வந்தார் அந்த அம்மையார்.

அந்த விலையை எல்லோராலும் கொடுக்க முடியவில்லை. 1930-இல் தேவதாசிக் குலத்துச் சிறுமிகள் சிலர், பொட்டுக் கட்டும் வாழ்வு வேண்டாம், படிக்க வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வழக்கத்தை ஒழிப்பதற்காகச் சட்டசபையில் போராடியவர் அவர். சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ளும்படி நகரத்து விடுதிகளைக் கேட்டார். பிராமணப் பெண்கள் விடுதியில் இடம் இல்லை. பிராமணர் அல்லாத பெண்கள் விடுதியிலும் இடம் இல்லை. இரண்டு பந்திகள் இருந்தன. இரண்டிலும் இந்தக் குழந்தைகளுக்கு இலை இல்லை! டாக்டர் அம்மாள் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அடையாற்றில் இன்றும் நடந்துவரும் அவ்வை இல்லத்தின் தொடக்கம். நல்ல விடுதிகள் பல இப்படித்தான் பிறந்திருக்கின்றன. வேறு விடுதி சாத்திய கதவிலிருந்து.

இனி, இந்தச் சரித்திரத்தின் நடு அத்தியாயத்துக்கு வருவோம். திருநெல்வேலி ஜில்லாவில் தாமிரவருணிக் கரையில் சேரன்மாதேவி என்று ஓர் ஊர். 1920-களின் தொடக்கத்தில் வ. வே. சு. ஐயர் அங்கே தமிழ்க் குருகுலம் நடத்தி வந்தார். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போய்ப் புரட்சிக்காரராகி, புதுச்சேரியில் பல வருஷம் அஞ்ஞாதவாசம் செய்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தமிழில் சிறுகதைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர். படிப்போடு உழைப்பையும் தேச பக்தியையும் கற்றுத் தரும் ஒரு பள்ளியை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் உதவுவதாகச் சொல்லி முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து தோட்டம் கொத்தினார்கள், சேர்ந்து உண்டார்கள். இரண்டு பேரைத் தவிர.

அந்த இரண்டு பிராமணச் சிறுவர்களின் பெற்றோர், தங்கள் பிள்ளைகள் தனியாகத்தான் உண்ண வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஐயர் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மட்டில் எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். ஆனால் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருந்தது. செய்தி வெளியே பரவியது. ஒரு பந்திக்கு உப்புமா, மற்றப் பந்திக்குப் பழைய சோறு என்றும் கதை பேசப்பட்டது; இன்றும் பேசப்படுகிறது. டாக்டர் வரதராஜுலு நாயுடு பெருங்கிளர்ச்சி செய்தார். அப்போது காங்கிரஸில் இருந்த ஈ. வே. ராமசாமியும், திரு. வி. க.வும் கண்டித்தார்கள். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் இரண்டு இலை தனியாகப் போட்டால், அந்த இரண்டு இலையும் நாடு முழுவதையும் இரண்டாகப் பிரிக்கும் என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதத்துக்கு இன்று வரையில் யாரும் தக்க பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

1925 மார்ச்சில் சென்னைக்கு வந்த காந்தியடிகளிடம் விவகாரம் போயிற்று. இனிமேல் இப்படி நிபந்தனையோடு யாரையும் சேர்க்கக் கூடாது. இப்போது இருக்கும் இரண்டு சிறுவர்கள் விஷயத்தில் பெற்றோரைக் கேட்டுப் பார்க்கட்டும். அவர்கள் இணங்காவிட்டால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்று அவர் ஒரு நடுவழி சொன்னார். அந்த நடுவழியில் யாரும் நடக்கவில்லை. அவ்வருஷமே தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது, தேசிய இயக்கத்தைச் சேர்ந்த நிறுவனங்களும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று எஸ். ராமநாதன் கொண்டு வந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை ஏற்க முடியாமல் தலைவர்கள் சிலர் ராஜிநாமாச் செய்தார்கள். ஐயரும் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

முடிவு யாரும் எதிர்பாராதது. 1925 ஜூன் 3-ஆம் தேதி பாபநாசத்து மலையில் கல்யாண தீர்த்தம் என்ற அருவியைக் கடக்கும்போது ஐயரின் மகள் சுபத்திரை கால் தவறி விழுந்தாள். காப்பாற்றக் குதித்த தகப்பனாரையும் வெள்ளம் கொண்டு போயிற்று. அப்போது அவருக்கு வயது 44. அந்த நவம்பரிலே எங்கள் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் கூடிய மாகாண மகாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் ஈ. வே. ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். இரண்டு பிள்ளைகளின் இலையிலிருந்து மட்டும் இவ்வளவும் விளைந்தது என்று சொன்னால் சரித்திரத்தைச் சுருக்குவதாகும். ஆனால் பிற்காலத் தமிழக அரசியலைப் பேசுகிற எவரும் அந்த இரண்டு இலைகளைத் தாண்டிப் போக முடியாது.

ஐயரை நான் கயவராக நினைக்கவில்லை. அவருடைய எதிரிகளில் பலரும் அப்படி நினைக்கவில்லை. அதுதான் இந்த அத்தியாயத்தின் துக்கம். நல்ல மனிதர் ஒருவர், நல்ல எண்ணத்தோடு, ஒரே ஒரு சிறிய விதிவிலக்குக் கொடுத்தார். விடுதியில் அறையைப் பற்றி எத்தனை விதிவிலக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். காய்ச்சல்காரனுக்குத் தனி அறை கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பந்தியில் கொடுக்கிற விதிவிலக்கு மட்டும் மற்ற எல்லோருடைய முகத்திலும் எழுதப்பட்டுவிடுகிறது.

கடல் கடந்த கல்லூரிகளுக்குப் போன நம்மவர் இருவருடைய அறைகளையும் இங்கே எட்டிப் பார்க்கலாம். 1914-இல் கும்பகோணத்து ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போனார். டிரினிட்டிக் கல்லூரியில் வியூவெல்ஸ் கோர்ட் என்ற கட்டிடத்தில் அவருக்கு அறை. கல்லூரிப் போஜன சாலையில் நூற்றுக் கணக்கானவர்கள் ஒன்றாக உண்ண, இவர் அறையிலேயே தமக்குத் தாமே சமைத்துக்கொண்டார். ஒரு நாள் அவரைப் பார்க்கப் போன மகலனோபிஸ், பிற்காலத்தில் புள்ளியியலில் பெரும் புகழ் பெற்றவர், ராமானுஜன் இரவில் குளிரில் நடுங்குவதாகக் கேட்டு வியந்து படுக்கையைப் பார்த்தாராம். கம்பளிகள் எல்லாம் ஒழுங்காக இழுத்துச் செருகியபடி இருந்தன. கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை; மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் மேலேயே படுத்திருக்கிறார்! எண்களின் ரகசியம் எல்லாம் அறிந்தவருக்கு விடுதிக் கட்டிலின் ரகசியம் தெரியவில்லை. சிரிப்பு வருகிறது, உடனே கண்ணும் கலங்குகிறது. பலரோடு உட்கார்ந்து உண்டிருந்தால், பேச்சு வாக்கில் யாராவது ஒருவன் அதைச் சொல்லியிருப்பான் அல்லவா?

இன்னொருவர் அம்பேத்கர். 1913-இல் பரோடா மகாராஜாவின் உபகாரச் சம்பளத்தில் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே லிவிங்ஸ்டன் ஹால் என்ற மாணவர் விடுதியில் ஒரு பார்ஸி நண்பரோடு தங்கினார். அந்த நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது. ஒப்பந்தப்படி உத்தியோகம் பார்க்க 1917-இல் பரோடாவுக்கு வந்தார். தங்க ஓர் இடம் வேண்டும். ஹிந்து விடுதி எதிலும் அவருடைய சாதிக்கு இடம் கிடையாது. கடைசியில் பார்ஸிப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு, பார்ஸி சத்திரம் ஒன்றில் தங்கினார். சாப்பாடும் அறையுமாக நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகை. மாடியில் ஒரு சின்னப் படுக்கையறை, ஒட்டினாற்போல் ஒரு சின்னக் குளியலறை. மற்றதெல்லாம் பழைய பலகையும் ஒடிந்த நாற்காலியும் அடைந்த ஒரு பெரிய கூடம். இவ்வளவையும் அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். பதினொன்றாவது நாள் காலையில் கையில் தடியோடு ஒரு கூட்டம் படியேறி வந்து, அன்று மாலைக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லி மிரட்டியது. நியூயார்க்கில் விடுதி அறை கிடைத்த மனிதருக்குச் சொந்த தேசத்தில், பணம் கொடுத்தும், ஒரு சின்ன அறை பத்து நாளுக்கு மேல் நிலைக்கவில்லை.

அந்த மனிதர் முன்னின்று எழுதிய அரசியல் சட்டம் 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. அதை நிறைவேற்ற 1955-இல் தனிச் சட்டம் ஒன்று வந்தது. 1976-இல் அதற்கு வேறு பெயர் வைத்துக் கடுமையாக்கினார்கள். அந்தச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவை ஒரு முறை படித்துப் பார்த்தேன். பொதுமக்களுக்கான ஆஸ்பத்திரியிலோ, கல்விச்சாலையிலோ, விடுதியிலோ தீண்டாமை காரணமாக ஒருவனுக்கு அனுமதி மறுப்பது குற்றம் என்று அதில் இருக்கிறது. விடுதி என்ற வார்த்தையைச் சட்டம் எழுதினவர்கள் மறக்கவில்லை. திருமுக்கூடல் கல்வெட்டில் பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தன என்று சொன்னேன். ஒன்பது நூற்றாண்டு கழித்து இந்தச் சட்டத்திலும் அதே மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. கல்வெட்டு உள்ளே இருப்பவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதியது. சட்டம் யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்று எழுதியது.

சட்டம் வந்ததும் வழக்கம் போய்விடுவதில்லை. இதை நான் பிறரைச் சாட்டிச் சொல்லவில்லை. நான் படித்த கல்லூரி விடுதியில் ஒரே சாப்பாட்டுக் கூடம். எல்லோருக்கும் ஒரே குழம்பு. விதியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாவது மாதம் கண்ணைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொரு மேஜையும் ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு தெருவாக ஆகியிருந்தது. யாரும் சொல்லி உட்காரவில்லை. யாரும் தடுத்து எழுப்பவில்லை. கூடத்தின் கோடியில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதில் எப்போதும் அதே நான்கு பேர். அவர்களில் ஒருவன் என் அறைத் தோழன். இரவில் பக்கத்துக் கட்டிலில் படுத்து மணிக்கணக்காக அவனோடு பேசுவேன். சாப்பாட்டு மணி அடித்தால் நான் ஒரு மேஜைக்கும் அவன் ஒரு மேஜைக்குமாகப் போவோம். மூன்று வருஷம் அப்படியே போயிற்று. நான் எழுந்து அந்த மேஜைக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம். எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. இருந்தும் போகவில்லை.

நண்பரின் கேள்விக்கு "இதென்ன கேள்வி?" என்று நான் சட்டென்று பதில் சொன்னேனே, அந்த அவசரத்தின் காரணம் இப்போது எனக்கே புரிகிறது.

மறு நாள் மாலை அவர் வேலை முடிந்து வந்ததும் நானே அவர் வீட்டுக்குப் போனேன். சட்டம் இருக்கிறது, அதில் விடுதி என்றே போட்டிருக்கிறது, யாராவது முகம் சுளித்தால் எழுதிப் போடச் சொல்லு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற பையனிடம், "எந்த மேஜையில் வேண்டுமானாலும் போய் உட்காருடா. முதல் நாளே உட்கார்ந்துவிடு. மூன்றாவது மாதம் ஆகிவிட்டால் கஷ்டம்" என்று சொன்னேன். அவனுக்கு நான் சொன்னது விளங்கியதோ என்னவோ, "சரிங்க பெரியப்பா" என்றான்.

வாசலில் போட்ட கோடு ஆடி மாதக் காற்றிலும் மழையிலும் கலைந்து போயிற்று. பையன் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் நண்பர் தெருவில் என்னைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பையன் போன்லே பேசினான் அண்ணா. சாம்பார்லே பருப்பே இல்லியாம். தோசையைக் கிழிக்கக் கத்தி வேணுமாம். ஹாஸ்டல் பசங்க எல்லாரும் ஒண்ணாச் சேந்து வார்டன்கிட்டே போய்ச் சண்டை போட்டாங்களாம். இவனும் போனானாம்."

"எல்லோரும் ஒன்றாகவா?" என்று கேட்டேன்.

"ஒண்ணாத்தான் அண்ணா" என்று சொல்லிவிட்டு, அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.